நாலாம் பாரத்துத் தவளை

முளைவிட்ட பச்சைப்பயறை யாரோ தின்றுவிட்டார்கள்.

சுலோசனா டீச்சர் தட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஈரப் பஞ்சு அப்படியே இருந்தது. பயறு உட்கார்ந்திருந்த இடமெல்லாம் குட்டிக் குட்டிப் பள்ளமாக இருந்தது. பயறுதான் இல்லை. தட்டின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு சிந்திக் கிடந்தது.

"வெங்கடம்மா!"

பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, தண்ணீர் மொண்டு வைத்து, மணியும் அடிக்கிற வெங்கடம்மா துடைப்பமும் கையுமாக வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் தொடலம்மா. ஒண்ணாம் பாரம் பொண்ணுங்கதான். ஊறவெச்ச பயிறு, இன்னும் ரெண்டு நாள் போனா நாறிப்பூடும்னு துன்னுட்டாங்க."

"உப்பு?"

"வெறும் பயிறை எப்டிம்மா துன்றது? உப்பு மட்டும் நான் குடுத்தேன்."

சுலோசனா நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். விதை எப்படி முளைக்கிறது என்று காட்டுவதற்காக வைத்த பயறு அது. இதற்கு முன் வைத்ததை எறும்பு கொண்டுபோனது. அதற்கு முன் வைத்ததைத் தலைமையாசிரியர் ஆதிநாராயணன், ஏதோ எச்சில் தட்டு என்று நினைத்துத் தானே குப்பையில் கொட்டினார். இந்தக் கண்டிகையில் ஒரு பயறு முளைத்து இலை விடுவது அவ்வளவு பெரிய காரியமாக இருந்தது.

கண்டிகை என்பது கார்வேட்டிநகரத்துக்குத் தெற்கே, தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஒரு சிற்றூர். அங்கே பெண்களுக்கென்று இருந்த பள்ளிக்கூடத்தில் மூன்றாம் பாரம், அதாவது எட்டாவது வரைக்கும்தான் வகுப்பு. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் திருப்பதிக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டும். எந்த அப்பன் அனுப்புவான்? வயசுக்கு வரப்போகிற பெண்ணை ஊர்விட்டு ஊர் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பார்கள். மூன்றாம் பாரம் முடித்த பெண் மறுநாளே களையெடுக்கப் போவாள், இல்லாவிட்டால் மாடு கழுவுவாள், அடுத்த தையில் கல்யாணம்.

போன வருஷம் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த தாட்சாயணி இப்போது ஆடு மேய்க்கிறாள். தினமும் பத்து மணிக்கு ஆடுகளை விஞ்ஞான வகுப்பு ஜன்னலுக்குக் கீழே ஓட்டிக்கொண்டு வருவாள். அங்கே புல் ஒன்றும் கிடையாது. ஆடுகளுக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். சுலோசனா பாடம் நடத்தும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே பாதி முகம் தெரியும். "உள்ள வந்து உக்காரேன்டி" என்றால் தலை மறைந்துவிடும்.

நாலாம் பாரம் இங்கேயே வந்துவிட்டால் தாட்சாயணி உள்ளே வருவாள். சுலோசனாவுக்கு அந்த ஒரு எண்ணம்தான். அதற்குச் சித்தூரிலிருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு வருவதற்கு முன்னால் பெண் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸ் கிருஷ்ணம்மா வர வேண்டும். அவர் ஒருமுறை வந்தும் போயிருந்தார். அப்போது விஞ்ஞான வகுப்பில் தவளை, மீன், தாமரை எல்லாம் சுவரில் படமாகத் தொங்கின. கிருஷ்ணம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தார்.

"இதுல எதும்மா மூச்சு விடுது?" என்று கேட்டார்.

நாலாம் பாரத்து விஞ்ஞானத்துக்கு உயிருள்ள செடியும் பிராணியும் வகுப்பறைக்குள் இருக்க வேண்டும், அதுவும் பிள்ளைகள் கண்ணெதிரே வளர வேண்டும், இது சட்டம். 'விஞ்ஞான வகுப்பில் உயிருள்ளது எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

ஆதிநாராயணனுக்கு அதில் ஒரே மனக்குறை. "நான் அங்கதானம்மா நின்னுக்கினு இருந்தேன்?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஆபீசிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. காலித் தொட்டி. அதற்குள் விட எதுவும் அனுப்பவில்லை. சுலோசனா விட்டுவிடவில்லை. கார்வேட்டிநகரத்துக் கோயில் குளத்தில் மிச்சமிருந்த தண்ணீரிலிருந்து பாசியும் நீர்ச்செடியும் அள்ளி வந்து தொட்டியில் விட்டாள். வெயிலில் செடியிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பெண்கள் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். மறுநாள் காலையில் தொட்டி பளபளவென்று இருந்தது. வெங்கடம்மா சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தாள்.

"ஒரே பாசிம்மா. ஆபீசரம்மா பாத்தா என்னை இன்னா நெனைப்பாங்க?"

மண்சட்டியில் துளசி வைத்தாள். வேர், தண்டு, இலை என்று பிரித்துக் காட்ட. மூன்றாம் நாள் அதன் கால்மாட்டில் கோலம் இருந்தது. ஐந்தாம் நாள் மஞ்சளும் குங்குமமும் அகல்விளக்கும். "வேரைப் புடுங்கிக் காட்டப் போறேன்" என்றதும் வகுப்பே வாயில் கை வைத்துக்கொண்டது. ஓர் ஓணானைப் பிடித்துக் கூடைக்குள் வைத்தாள். அது தலைமையாசிரியரின் அலமாரிக்குள் புகுந்து, ஒரு வாரம் அவர் வராந்தாவில் உட்கார்ந்து வேலை பார்த்தார். வாசலில் வைத்த அவரைக் கொடி நன்றாகத்தான் படர்ந்தது. அதைத் தாட்சாயணியின் கிடா தின்றது. அவள் அன்று முழுக்க அழுதாளாம். கிடா அழவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சித்தூரிலிருந்து கடிதம் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறார்.

"தள்ளிப் போடச் சொல்லலாமாம்மா?" என்றார் ஆதிநாராயணன். "எல்லைத் தகராறு தீரட்டும். இந்த ஊர் மெட்ராசுக்குப் போவுதா ஆந்திராவுலயே நிக்குதான்னு தெரியாம எந்தப் பாரத்தை வெச்சு என்னா பண்றது? எனக்கெதுக்கு வம்பு?"

"எல்லை எங்க வேணா போவட்டும் சார். பொண்ணு எங்க போறது?"

"அதையும் தீர்ப்புலயே சொல்லிட்டா நல்லாருக்கும்" என்று அவர் பொடி டப்பாவைத் திறந்தார். எல்லைக்குத் தீர்ப்பு வந்துவிட்டது, அதை நிறைவேற்றச் சட்டம் வரவில்லை என்று அந்த வருஷம் எல்லாரும் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மழையும் தள்ளிப் போட்டிருந்தது. ஆடி பிறந்தும் ஒரு துளி இல்லை. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்டிகையில் ஒரு தவளை கத்தி நாளாயிற்று. குளத்தில் இருந்த கொஞ்ச மீனையும் பிடித்துக் குழம்பு வைத்துவிட்டார்கள். சுலோசனா ஞாயிற்றுக்கிழமை பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

திருப்பதியில் மலையடிவாரத்தில் ஓர் ஓடைக்குழி அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். எந்தக் கோடையிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தலைப்பிரட்டைகளும் நீர்ச்செடியும் சீக்கிரம் கிடைத்தன. பெரிய தவளைகள்தான் அலைக்கழித்தன. அவள் குனிந்தால் அவை தாவும். அவள் தாவினால் அவை முழுகும். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏமி போயிந்தி அம்மா?" என்று ஒருத்தி பரிதாபமாகக் கேட்டாள். என்ன தொலைந்து போச்சு என்றால் என்ன சொல்வது? மானம் என்று சொல்லலாமா என்று சுலோசனா யோசித்தாள்.

ஒருவழியாக எல்லாவற்றையும் பித்தளைக் குடத்தில் விட்டு, வாயை மூடக் கையில் வேறு துணி இல்லாமல், அம்மா கொடுத்த மஞ்சள் பையைக் கிழித்துக் கட்டினாள். அதுதான் வினை.

திருப்பதியிலிருந்து மஞ்சள் துணியால் வாய் கட்டின குடத்தோடு ஒரு பெண் பஸ் ஏறினால் அதற்குள் என்ன இருக்கும்? பஸ் முழுக்க மொட்டைத் தலைகள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். கண்டக்டர் குடத்தைத் தரையில் வைக்க விடவில்லை. தன் சீட்டில் துண்டை விரித்து வைத்தார்.

"தீர்த்தமாம்மா?"

தவளை என்று சொன்னால் நடுரோட்டில் இறக்கிவிடுவார். வெள்ளிக்கிழமை கண்முன்னால் நின்றது.

"ம்" என்றாள் சுலோசனா.

அவ்வளவுதான். ஆளுக்கு ஆள் குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். புத்தூரில் இறங்கி கார்வேட்டிநகரத்து பஸ் ஏறினால், அங்கே புளி விற்றுவிட்டு வந்த செங்கம்மா உட்கார்ந்திருந்தாள். கண்டிகைக்காரி. மூன்றாம் பாரத்து மல்லிகாவின் தாய். அவள் வாயில் விழுந்த சேதி பஸ்ஸுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும்.

"இன்னா டீச்சரம்மா, மலைக்குப் போயிருந்தியா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாது? தீர்த்தம் நிறையவே கொண்டாந்துருக்கிற."

"ம்."

அப்போது குடத்துக்குள்ளிருந்து ஒரு தவளை 'க்ராக்' என்றது.

செங்கம்மா குடத்தைப் பார்த்தாள். காதை மஞ்சள் துணியோடு வைத்துக் கேட்டாள். உள்ளே இன்னொன்று பதில் சொன்னது. சுலோசனா ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்தாள். செங்கம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் சந்தேகம் இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போடுகிற முகம் அது. ஊர் வரைக்கும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதே சுலோசனா பயந்திருக்க வேண்டும்.

தொட்டியில் நீர்ச்செடி நின்றது. கல் மேல் தவளைகள் உட்கார்ந்தன. தலைப்பிரட்டைகளில் ஒன்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. பெண்கள் அதைப் பார்த்துச் சத்தம் போட்ட சத்தத்தில் ஆதிநாராயணன் தடியோடு ஓடி வந்தார். ஜன்னலில் தாட்சாயணியின் முழு முகமும் தெரிந்தது. சுலோசனா வெங்கடம்மாவிடம் சாம்பலையே பிடுங்கி வைத்துக்கொண்டாள். "தொட்டியைத் தொட்டீங்கன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள். "தொட மாட்டேன்மா, சாமி சத்தியமா" என்றாள் வெங்கடம்மா. தவளை ஏன் ஈரமாகவே இருக்க வேண்டும், தோலால் எப்படிக் காற்றை இழுக்கிறது, தலைப்பிரட்டைக்குச் செவுள் எங்கே என்று வாரம் முழுவதும் பாடம் நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது, பல நாளுக்கப்புறம் அவளுக்குப் பசித்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பூட்டு திறந்திருந்தது. தொட்டியில் செடி இருந்தது, தலைப்பிரட்டைகள் இருந்தன. தவளைகளைக் காணோம்.

"வெங்கடம்மா!"

"நான் தொட்டியைத் தொடலம்மா" என்று தூரத்திலிருந்தே பதில் வந்தது. "கதவை மட்டும்தான் தொறந்து விட்டேன்."

"யாருக்கு?"

"ஊருக்கு."

தெருவிலிருந்து தப்பட்டைச் சத்தம் கேட்டது. சுலோசனாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழை பொய்த்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் தவளையை உலக்கையில் கட்டி, வேப்பிலை சுற்றி, வீடு வீடாகத் தூக்கிப் போவார்கள். வீட்டுக்காரி ஒரு செம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, முறத்தில் கொஞ்சம் தானியம் போட வேண்டும். தவளை குளிர்ந்தால் மேகம் இறங்கும் என்று நம்பிக்கை. இந்த வருஷம் தூக்க ஊரில் தவளை இல்லை. அதுவும் திருப்பதி மலையடியிலிருந்து, குடத்தில், மஞ்சள் துணி கட்டி வந்த தவளை வேறு எந்த ஊருக்குக் கிடைக்கும்?

செருப்பை மாட்டாமல் ஓடினாள். நடுத்தெருவில் உலக்கையின் ஒரு முனையைச் செங்கம்மாவும் மறுமுனையை மல்லிகாவும் பிடித்திருந்தார்கள். பின்னால் பெண்கள் கூட்டம். மூன்றாம் பாரம் மொத்தமும் அதில் இருந்தது.

"செங்கம்மா! என் தவளையைக் குடுங்க!"

"உன் தவளையா? நீதானே தீர்த்தம்னு சொன்ன?"

"நான் ம்ன்னுதான் சொன்னேன்!"

"பஸ்ஸே கேட்டுக்கினு இருந்துச்சு டீச்சரம்மா. சாமி பேரைச் சொல்லிட்டு இப்ப இல்லன்னா நாக்கு அழுகிப்பூடும்." செங்கம்மா உலக்கையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். "கெணத்துல தண்ணி இல்ல. மாடு மண்ணை நக்குது. உனக்குப் பாடம் பெருசாப் போச்சா?"

"இன்னிக்குச் சித்தூர்லேர்ந்து ஆபீசரம்மா வராங்க. தவளை இல்லன்னா நாலாம் பாரம் வராது. மல்லிகா அடுத்த வருஷம் உங்க கூட புளி விக்கத்தான் வருவா!"

"ஏன், புளி விக்கிறது கேவலமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். இதற்கு என்ன பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வீட்டுக்காரி மஞ்சள் கரைத்த தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள். மல்லிகா உலக்கையை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"மஞ்சத்தண்ணி வேணாம் பெரிம்மா! வெறுந்தண்ணி ஊத்து!"

"எல்லா வருசமும் மஞ்சள்தான்டி ஊத்தறோம்."

"எல்லா வருசமும் அது செத்துப்போச்சு இல்ல?"

அப்போதுதான் சுலோசனா கவனித்தாள். தவளைகளைக் கயிற்றால் கட்டவில்லை. ஈரத் துணியில் தளர்வாகப் பொதிந்து, மூக்கு வெளியே தெரிய, உலக்கையில் தொட்டில் மாதிரி தொங்கவிட்டிருந்தார்கள். அவளுக்குக் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

மஞ்சத்தண்ணிப் பேச்சின்போதே தெருமுனைக்கு வந்துவிட்டிருந்த ஜீப் இப்போது கூட்டத்தருகே நகர்ந்து வந்தது. ஆதிநாராயணன் அதற்கு முன்னால் கும்பிட்டபடியே ஓடி வந்துகொண்டிருந்தார். உள்ளே கிருஷ்ணம்மா, அதே மூக்குக் கண்ணாடி.

"ஏமிட்டம்மா இதி? கப்பதல்லியா?" என்றார். மழைத் தவளையைத் தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "சரி. உன் வகுப்புல பிராணி எங்கே?"

சுலோசனா உலக்கையைக் காட்டினாள்.

கிருஷ்ணம்மா கண்ணாடியைத் தூக்கி உலக்கையைப் பார்த்தார். "சட்டத்துல வகுப்பறைக்குள்ளேன்னு இருக்கு. தெருவில் இருக்கிற தவளைக்கு நான் பாரம் கொடுக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள இன்னும் ரெண்டு பள்ளிக்கூடம் பாக்கணும்."

"செங்கம்மா, ஒரே ஒரு நிமிஷம். உள்ள கொண்டாந்து காட்டிட்டுத் தூக்கிக்கினு போயிடுங்க."

"நடுவுல எறக்கக் கூடாது. வூடு வூடாத்தான் போவும்."

"சரி. அப்போ பள்ளிக்கூட வாசலை ஏன் விட்டீங்க? ஒரு வாசல் விட்டுப்போச்சுன்னா செஞ்சதெல்லாம் வீண்னு நீங்கதானே சொல்வீங்க?"

கூட்டம் செங்கம்மாவைப் பார்த்தது. செங்கம்மா யோசித்தாள்.

"அது வூடு இல்லியே. அடுப்பு எரியாத எடம் எப்டி வூடாவும்?"

"எரியுது!" என்றாள் சுலோசனா. "வந்து பாருங்க. வெங்கடம்மா, தீப்பெட்டி!"

விஞ்ஞான வகுப்பில் ஒரு ஸ்பிரிட் விளக்கு உண்டு. ஊருக்கே அந்த ஒன்றுதான். அவள் முன்னால் ஓடி, அதைப் பற்றவைத்து, இரும்பு முக்காலியை மேலே வைத்து, முக்காலியில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரையும் ஏற்றினாள். நீலமாக எரிந்தது. செங்கம்மா வாசலில் நின்று குனிந்து பார்த்தாள்.

"இன்னா கொதிக்குது?"

"தண்ணி."

"ஒலை வெச்சிருக்கா" என்று செங்கம்மா பின்னால் திரும்பித் தீர்ப்புச் சொன்னாள். "அடுப்புதான். வாங்கடி!"

உலக்கை, தப்பட்டை, வேப்பிலை, கைக்குழந்தைகள், மூன்றாம் பாரம், எல்லாம் வகுப்புக்குள் வந்தன. கிருஷ்ணம்மா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நிற்க வேண்டியதாயிற்று. தானியத்துக்கு எங்கே போவது? சுலோசனா அலமாரியைத் திறந்து, அடுத்த தடவை முளைக்க வைக்க எடுத்து வைத்திருந்த பச்சைப்பயறு முழுவதையும் முறத்தில் கொட்டினாள். செம்பை எடுத்து, விஞ்ஞானத்துக்கும் தனக்கும் மனசுக்குள்ளேயே ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தவளைகளின் மேல் தண்ணீரை ஊற்றினாள். வெறுந்தண்ணீர்தான். இன்ஸ்பெக்ட்ரசின் புடவைக் கரை நனைந்தது.

"நிறுத்துங்க!" என்றார் கிருஷ்ணம்மா பெஞ்சின் மேலிருந்தே. தப்பட்டை நின்றது. "ஏ பொண்ணு, உலக்கை பிடிச்சவ. தெருவுல மஞ்சள் தண்ணி வேணாம்னியே, ஏன்?"

மல்லிகா தாயைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "தோலால காத்து இழுக்குதுங்க. மஞ்சள் பட்டா தோல் எரியும்."

"மூக்கு இருக்கே, அப்புறம் தோல் எதுக்கு?"

"மேல வந்தா மூக்கு. தண்ணிக்குள்ள முழுகிக்கினு இருந்தா தோல்."

"அப்போ அந்தத் தொட்டியில இருக்கே, அந்தக் குட்டிங்க எதால மூச்சு விடுது?"

மல்லிகா விழித்தாள். தெரியும், வாயில் வரவில்லை. வகுப்பு முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது. சுலோசனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"செவுள்ல" என்றது ஜன்னல். "சின்னதா இருக்கும்போது செவுள் வெளிய இருக்கும், அப்புறம் தோல் மூடிக்கும். கால் மொளைச்சு வரும்போது நுரையீரல் வந்துடும். கால் வந்ததுக்கு ஏறி உக்கார ஒரு கல்லு வெக்கணும், இல்லன்னா முழுகிச் செத்துப்பூடும்."

கிருஷ்ணம்மா திரும்பினார். கம்பிக்கு வெளியே தாட்சாயணி. அவள் தோளுக்குப் பக்கத்தில் கிடாவின் கொம்பு.

"எந்தப் பாரம்மா நீ?"

"எந்தப் பாரமும் இல்லீங்க. ஆடு மேய்க்கிறேன்."

ஸ்பிரிட் விளக்கின் மேல் தண்ணீர் கொதித்துத் தளும்பியது. கிருஷ்ணம்மா பெஞ்சிலிருந்து இறங்க ஆதிநாராயணன் கை கொடுக்க வந்தார். அவர் அதைக் கவனிக்காமல் தானே இறங்கி, ஜன்னலிடம் போய் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டார். அப்புறம் மேஜையில் ஈரமில்லாத ஒரு மூலை தேடி உட்கார்ந்து எழுதினார். ஆதிநாராயணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நிம்மதியாக மூச்சு விட்டார்.

'விஞ்ஞான வகுப்பில் உயிருள்ளவை அளவுக்கு மேல் காணப்பட்டன' என்று எழுதியிருந்தாராம்.

சடங்கு முடிந்து தவளைகளைத் தண்ணீர் நிலையில் விட வேண்டும். ஊரில் எங்கே தண்ணீர் நிலை? செங்கம்மா ஏரியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், கடைசியில் தானே வந்து தொட்டியில் விட்டாள். "உங்கிட்டதான் இருக்குது தண்ணி. பத்திரமாப் பாத்துக்கோ" என்றாள், ஏதோ தன் தவளையை ஒப்படைப்பது போல.

அந்த வாரம் மழை வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. ஆவணி பிறந்து, சித்தூரிலிருந்து உத்தரவுதான் வந்தது. நாலாம் பாரம் இந்த வருஷமே ஆரம்பிக்கலாம். ஆதிநாராயணன் அதைத் தெருவில் நின்று உரக்கப் படித்தார். சுலோசனா சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். எதிரில் செங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மழை கேட்டா பாரம் வந்துக்கீது!"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல செங்கம்மா. இன்ஸ்பெக்ட்ரஸ் பாத்துட்டு..."

"கடைசியா எந்த அடுப்புல நின்னுச்சு? உன் அடுப்புல. எந்தப் பயிறை வாங்கிச்சு? உன் பயிறை. ஊரே தண்ணி ஊத்துச்சு, வரம் உனக்குப் போச்சு. நல்லா இருக்குதுடி ஞாயம்!"

"சரி, இப்ப என்ன பண்ணணும்ன்றீங்க?"

"பண்றது இன்னா? எங்க தவளை குடுத்த பாரம். எங்க பொண்ணுங்க உக்காரலன்னா அது வீணாப்பூடும். சாமி குத்தம் வேற." செங்கம்மா தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏ தாட்சாயணி அப்பன்! உன் பொண்ணை அனுப்புறியா, இல்ல தவளைகிட்ட நீயே வந்து பதில் சொல்றியா?"

திருப்பதி ஹாஸ்டலுக்கு எத்தனை தடவை கெஞ்சியும் அசையாத ஆசாமி. மேல்துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். "அனுப்பறேன்" என்றார். மூன்று வருஷமாகச் சுலோசனா வீடு வீடாகப் போய், பெண் படிப்பின் நன்மைகளை எடுத்துச் சொல்லித் தொண்டை கட்டியிருக்கிறாள். ஒரு தவளை, வாயே திறக்காமல், ஒரே நிமிஷத்தில்! அவள் சந்தோஷப்படுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

நாலாம் பாரத்தின் முதல் நாள், பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சிலேட்டோடு ஒரு செம்பும் கொண்டுவந்தார்கள். வீட்டில் குடிக்கிற தண்ணீரிலிருந்து தவளைக்குப் பங்கு. அம்மாக்கள் கொடுத்து அனுப்பியது. தொட்டிக்குத் தண்ணீர் எங்கே பிடிப்பது என்று தவித்துக்கொண்டிருந்த சுலோசனாவுக்கு ஒரு கவலை விட்டது. ஒவ்வொரு செம்பாக வாங்கி ஊற்றப் போனவள், நாலாவது செம்பில் கையை நிறுத்தினாள். அது மஞ்சளாக இருந்தது. அடுத்ததும் மஞ்சள். அதற்கடுத்ததில் குங்குமமும் சேர்ந்திருந்தது.

"எத்தனை தடவைடி சொல்றது? வெறுந்தண்ணி! வெறுந்தண்ணி!"

"அம்மாகிட்ட சொன்னேன் டீச்சர். சாமிக்கு வெறுந்தண்ணியான்னு அடிக்க வந்துச்சு."

அப்போது வாசலில் நிழல் தட்டியது. தாட்சாயணி. தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். வாசற்படியில் ஒரு காலை வைத்து, உள்ளே வரலாமா என்பது போல நின்றாள். ஜன்னல் வழியாகவே பார்த்த அறை அவளுக்கு இந்தப் பக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

"வா" என்றாள் சுலோசனா. "முன் பெஞ்சுல உக்காரு."

அவள் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னாலேயே, தினமும் பத்து மணிக்கு அந்த இடத்துக்கு வந்து பழகிய கிடாவும் உள்ளே வந்தது. யாரும் பார்ப்பதற்குள் மேஜைக்குப் போய், மண்சட்டியில் புதிதாக வைத்திருந்த அவரைச் செடியை வேரோடு இழுத்தது.

"வெங்கடம்மா!"